கூரைக்குப் பதிலாக ஆர்ட்ஸ்

கல்முனைக்குடியில் நாங்கள் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் முடித்து வைப்போம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மூத்த மகளுக்கு அப்படித்தான் கட்டினோம். இளையவளுக்கு எங்கள் வீட்டைச் சுற்றிய வளவுக்குள்ளேயே சுவர் எழும்பிக்கொண்டிருக்கையில், அவள் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கு, எங்கள் பேச்சில் கம்பஸுக்கு, எடுபட்டாள்.

"இனி வூடு எதுக்குகா? உத்தியோகக்காரியெண்டா மாப்புள வூடு கேக்காம வருவான்" என்றார் அவளுடைய வாப்பா. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சுவர் கட்டிய மேசனை நிறுத்தினோம். கூரைக்கு வைத்திருந்த காசு படிப்புக்குப் போனது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பட்டம் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்திருந்தேன். எதைப் படித்தால் எவ்வளவு சம்பளம் என்பதைப் பெண் பார்க்க வந்தவர்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தார்கள்.

மகள் படித்தது ஆர்ட்ஸ். அவளோடு ஒரே பஸ்ஸில் போய்வந்த அடுத்த வளவுப் பிள்ளை கொம்பியூட்டர் படித்தாள். அவளுக்குப் படிப்பு முடியும் முன்பே கொழும்புக் கம்பனியில் வேலை. வீட்டில் இருந்தபடியே கைநிறைய உழைக்கிறாள். கணக்குப் பக்கம் படித்த இன்னொருத்தி அக்கரைப்பற்றில் ஒரு வங்கியில் இருக்கிறாள். என் மகள் அரசாங்க நியமனத்துக்குக் காத்திருக்கிறாள். அதுவரைக்கும் என்று பாலர் பாடசாலையில் படிப்பிக்கப் போனாள். அந்தச் சம்பளம் குளிக்கிற சவர்க்காரத்துக்கும் போன் கார்ட்டுக்கும் சரி.

நோன்புக்குப் பிறகு ஒரு மாப்பிள்ளையின் உம்மா வந்தார். மகன் மருந்துக்கடை வைத்திருக்கிறார். மகளைப் பிடித்துப்போனது அந்த உம்மாவின் முகத்திலேயே தெரிந்தது.

"கம்பஸ்ல என்ன படிச்ச மகள்?"

"ஆர்ட்ஸ், மாமி."

"ஆ... நியமனம்?"

"இன்னும் வரல்ல."

என் பக்கம் திரும்பினார். "வூடு இரிக்கிதானே, ராத்தா?"

ஜன்னலுக்கு வெளியே மொட்டைச் சுவர்கள் நின்றன. உள்ளே தானாக முளைத்த முருங்கை சுவருக்கு மேலே தலை நீட்டியிருந்தது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

மகள்தான் சிரித்தாள். "கூரைக்குப் பதிலா என்னப் படிப்பிச்சாங்க, மாமி."

அவரும் சிரித்தார். "கொம்பியூட்டரெண்டா நாங்க வூடு பாக்கமாட்டோம், கிளி. ஆர்ட்ஸுக்குக் கூர வேணும்."

படியிறங்கிச் செருப்பைப் போடும்போது, அடுத்த வளவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். மகளே சொன்னாள்.

இப்போது அங்கே அந்தக் கொம்பியூட்டர் பிள்ளைக்குக் கலியாணப் பந்தல் போடுகிறார்கள். மாப்பிள்ளை, அந்த மருந்துக்கடைக்காரர்தான்.

"நியமனம் வந்தா முதல் கூரதான், உம்மா" என்று முன்பெல்லாம் மகள் சொல்வாள். நேற்று அவளுடைய வாப்பா, சுவர் வெடிக்கிறது என்று முருங்கையை வெட்டக் கத்தியோடு போனார். மகள் போய் முன்னால் நின்றாள்.

"உடுங்க வாப்பா. கறிக்கு இல பறிக்கலாம்."

அவர் கத்தியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்.