ஈரமாக இருந்த ஒரு சட்டை

ஆவடி குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. எனக்குத் தலைப்பிரசவம், ஒன்பதாவது மாதம். குழந்தைக்கு எத்தனை சட்டை வேண்டும் என்று நானே கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு ஆறு, மழைக்காலத்தில் காய மூன்று நாள், ஆக, பதினெட்டு! வாங்கி வந்து, கஞ்சி போகட்டும் என்று துவைத்து, வெயில் அடித்த ஒரு நாளில் கொடியில் வரிசையாகப் போட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா இது? பொறக்காத புள்ளைக்குக் கொடி நெறயத் துணி! எட்த்து உள்ள வை."

"கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன்க்கா."

"கணக்கு நீ போட்ட. புள்ள ஒத்துக்கிச்சா?"

சிரித்துவிட்டுப் போய்ப் படுத்தேன். நாலு மணிக்குத் துணி எடுக்கப் போனால், பதினேழு சட்டைகள் மொறமொறவென்று காய்ந்திருந்தன. நடுவில் ஒன்று மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. முகர்ந்தேன், பால் வாசனை.

கை தானாக வயிற்றுக்குப் போனது. அப்போதுதான் உறைத்தது, காலையிலிருந்து குழந்தை அசையவே இல்லை.

அக்காதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா..." என்றார் டாக்டர். உடனே ஆபரேஷன். மகள் பிழைத்தாள். வீடு திரும்பியபோது கொடியில் பதினேழு சட்டைகள்தான் இருந்தன.

இப்போது இரண்டாவது முறை. மகளின் பழைய சட்டை நான்கும் கொஞ்சம் வேட்டித் துண்டுகளும் பெட்டிக்குள் இருக்கின்றன. மற்றவை பிறந்தபின்தான். நான் தினமும் எண்ணுவது, வயிற்றில் அசைவை மட்டும்.