அம்மா கட்டிலை இழுத்த நாள்

சப்பாத்துக்கு மேலே மாட்டும் நீலப் பிளாஸ்டிக் உறைகளின் சரசரப்பு... ஒன்றிரண்டல்ல, முப்பது நாற்பது கால்கள். அதோடு புதுப் பெயின்ட் வாசம். ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் நான் இருந்த வீட்டை நினைத்தால் முதலில் வருவது இவை இரண்டும்தான்.

படித்து முடித்து முதல் வேலை கிடைத்த காலம். ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில், பாதி நிலத்துக்குள் புதைந்த ஓர் அறையும் குசினியும். பனி கொட்டினால் யன்னல் மூடிவிடும். வெளியே போய் வழித்துத் தள்ளினால்தான் உள்ளே வெளிச்சம் வரும். அதையும் சந்தோஷமாகத்தான் செய்தேன். என் பெயர் மட்டும் ஒட்டிய முதல் தபால்பெட்டி அங்கேதான் இருந்தது.

கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவர்தான் பிரச்சினை. குளிர்காலம் வந்தால் வியர்க்கும், பிறகு கறுக்கும். எனக்கு இருமல் விடவே இல்லை. வீட்டுக்காரருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். யன்னலைத் திறந்து வையுங்கள், நீங்கள் நிறையச் சமைக்கிறீர்கள் என்று பதில் வந்தது.

வேலை முடிந்து வந்து பாணும் சீஸும் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற எனக்கு...

மூன்று வருட ஒப்பந்தம் முடிந்ததும் அவர் அதைப் புதுப்பிக்கவில்லை. இருக்கிற ஆளுக்கு நினைத்தபடி வாடகை ஏற்ற முடியாது, புது ஆளுக்கு முடியும். அவ்வளவுதான் காரணம். நான் போவதற்கு முன்பே விஸ்னிங் வைத்தார். வீடு தேடுகிற எல்லோரையும் ஒரே அரை மணி நேரத்துக்குள் கூப்பிட்டுக் காட்டுவதற்கு இங்கே அப்படித்தான் பெயர். அந்த வாரம் கறுத்த சுவருக்கு மேலே அவரே வந்து வெள்ளை பூசிவிட்டுப் போனார். அதுவரை நான் சமைக்கக் கூடாது. ஆட்கள் வரும்போது வீட்டில் நிற்கவும் கூடாது. எல்லாம் நல்லபடி நடந்தால் நல்ல ரெஃபரன்ஸ் எழுதித் தருவதாகச் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பழைய வீட்டுக்காரர் எழுதும் அந்த நாலு வரி இல்லாமல் ஒஸ்லோவில் அடுத்த வீடு தேடுவது எப்படியிருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். எனக்கு அவரிடமிருந்து வேண்டியது அது மட்டும்தான்.

ஞாயிறு மத்தியானம். பெட்டி கட்ட உதவிக்கு அம்மா மோர்டென்ஸ்ருட்டிலிருந்து வந்திருந்தார். நாங்கள் வெளியே போய்விட வேண்டும் என்றேன்.

"ஆக்கள் வரேக்கை வீட்டிலை ஒருத்தரும் இல்லாமலோ? என்ன பழக்கம் இது?"

"அவை எங்களைப் பாக்க வரேல்லை அம்மா."

"ஆரைப் பாக்க வந்தாலென்ன, வாசல் இண்டைக்கும் உன்ரை வாசல்தானே. நீ போறதெண்டால் போ."

நான் போகவில்லை. அம்மா கேத்திலைப் போட்டார்.

வந்தவர்கள் சப்பாத்துக்கு மேலே நீல உறையை மாட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் நடந்தார்கள். எல்லோருக்கும் தேவை ஒரே வீடு. கடதாசிக் கப்புகளில் தேத்தண்ணியைத் தட்டத்தில் ஏந்தி அம்மா நிற்க, முதலில் வந்த இருவர் தங்களைக் கூட்டிவந்த வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். என்னைவிட இளையவள் ஒருத்தி, நோர்வேயின் வடக்கிலிருந்து படிக்க வந்தவள், வாங்கிக் குடித்தாள். பிறகு மரியாதைக்குக் கேட்டாள், குளிர்காலத்தில் வீடு எப்படியிருக்கும் என்று.

எங்கள் தமிழ் ஆட்களிடையே வீடு கைமாறுகிற விதம் வேறு. போகிற குடும்பம் வருகிற குடும்பத்தைக் கூப்பிட்டு இருத்தி, எந்தக் குழாய் ஒழுகும், எந்தக் கதவு இறுகும், மேல்வீட்டு ஆள் எப்படி என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போகும். அம்மாவும் அப்பாவும் மோர்டென்ஸ்ருட் வீட்டை அப்படித்தான் எடுத்தார்கள். அம்மா விஸ்னிங்கையும் அதுவென்றே நினைத்திருந்தார்.

தட்டத்தை என் கையில் தந்துவிட்டுக் கட்டிலை இழுத்தார். புதுப் பெயின்டை நகத்தால் சுரண்டினார். அடியில் கறுப்பு.

முதியோர் இல்லக் குசினியில் இருபது வருடம் பழகிய நோர்வேஜியனில் அவர் சொன்னது, தமிழில் இப்படி வரும்: "இஞ்சை பார், பூஞ்சணம். என்ரை பிள்ளை மூண்டு வருஷம் இருமினவள். தலைமாட்டை இந்தப் பக்கம் வைச்சிடாதை."

சரசரப்பு நின்றுவிட்டது. வீட்டுக்காரர் அம்மாவைச் சுற்றிக்கொண்டு நடந்தார். என்னிடம் வந்து, மெதுவாக, "நாம் இப்படிப் பேசிக்கொள்ளவில்லையே" என்றார்.

பஸ்ஸில் அம்மாவோடு சண்டை பிடித்தேன்.

"உங்களை ஆர் கதைக்கச் சொன்னது? இனி எனக்கு ஆர் வீடு தருவினம்?"

"நான் ஒருத்தரோடையும் கொழுவேல்லையே. அந்தப் பிள்ளை கேட்டுது, சொன்னன்."

"அது சும்மா கேட்டது அம்மா."

"சும்மா கேட்டால் பொய் சொல்லுறதோ?"

ரெஃபரன்ஸ் வரவில்லை. இரண்டு தரம் எழுதிக் கேட்டேன், பதிலும் இல்லை. இரண்டு வருடம் மோர்டென்ஸ்ருட்டில் என் பழைய அறையிலேயே இருந்தேன். அந்த வீடு மட்டும் ஒரு நாள்கூட வெறுமையாய்க் கிடக்கவில்லை. சாவி கொடுக்கப் போனபோது புது ஆளைப் பார்த்தேன். அன்று கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் பார்த்தவர்களில் ஒருவர். வேறு வழி இருந்திருக்காது. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்போது ஒஸ்லோவிலேயே வெஸ்ட்லியில் வாடகைக்கு இருக்கிறேன். இந்த ஒப்பந்தமும் முடிகிறது. விஸ்னிங்குக்குப் போவதற்கு முன்பே படிவம் நிரப்ப வேண்டும். எங்கே வேலை, புகைப்பேனா, பழைய வீட்டுக்காரர் யார், என்னைப் பற்றிச் சில வரிகள்... பர்மிங்ஹாமில் வாடகைக்கு இருக்கும் என் மச்சாள் தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, சிரிக்கிற படமும் வைத்து அனுப்பினாளாம். எங்களைப் பற்றி எல்லாம் கேட்கிறார்கள். முன்பு இருந்தவள் ஏன் போனாள் என்று நாங்கள் கேட்பதற்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

அன்று பஸ்ஸில் நான் சத்தம் போட்டிருக்க வேண்டியது அம்மாவிடம் அல்ல. அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் அந்த மனிதரிடம் எனக்கு நாலு வரி தேவையாய் இருந்தது... அம்மாவிடம் ஒன்றும் தேவையாய் இருக்கவில்லை.