முப்பது வருஷக் கை

நூர் முஹம்மதுவுக்குத் தோலைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. முப்பது வருஷமாக மேற்கு மாம்பலத்தில் ரயிலேறி, பல்லாவரத்தில் தோல் பதனிடும் கிடங்கின் சுண்ணாம்புத் தொட்டியில் கைவிட்டுக் கிடந்தவர். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். பாவி மனுஷன் சறுக்கியது மகளின் கழுத்தில்.

மகள் ஷகீலாவுக்குக் கழுத்தில் ஸ்டவ் வெடித்த தழும்பு. வந்த இரண்டு வரன்களும் பிரியாணி தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போனதோடு சரி. மூன்றாவது வரன் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. இதுவும் தட்டிப்போனால் வேறு வழியே இல்லை என்று அவர் உடைந்துபோயிருந்தார்.

பர்மா பஜாரில் ஒருவன் சீமை கிரீம் டப்பாவை நீட்டியிருந்தான். "கொலாஜன் பாய், மாட்டுத்தோல்லேர்ந்து எடுத்த சத்து. பூசிக்கினே வா, தழும்பு இருந்த எடமே தெரியாது." கழிவுத் தோலைக் காய்ச்சினால் பசையாக வருவது அதுதானே என்று நூருக்குத் தோன்றியது. நம்பி வாங்கினார்.

பத்து நாள் பூசியும் கிரீம் மேலேயே நின்றது. கிடங்கில் தோலுக்குப் பூசும் எண்ணெயும் அப்படித்தான், தோல் சுண்ணாம்பில் ஊறித் திறந்துகொண்டால்தான் உள்ளே இறங்கும். புதன்கிழமை காலை கிடங்குச் சுண்ணாம்பைக் குழைத்தார். மகள்மேல் உயிரையே வைத்திருந்தவர் அல்லவா, முதலில் தன் உள்ளங்கையில் கால்மணி நேரம் வைத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் அவள் கழுத்தில் பூசினார்.

"எரியுது அத்தா."

"கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு, தோல் தொறக்குது."

வெள்ளிக்கிழமையை நினைத்து அவளும் பல்லைக் கடித்தாள். துடைத்தபோது துணியோடு தோலும் வந்தது.

அடையாறில் தோல் டாக்டர் கட்டுப் போட்டார். "அது செத்த தோலுக்குப் பண்ற வேலை பாய். உயிரோட இருக்கற தோல் எதையும் லேசுல உள்ள விடாது. அந்தக் கொலாஜனும் உள்ள இறங்காது, மேல ஈரம் காக்கும், அவ்வளவுதான்."

"என் கையில வச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டேங்க!"

டாக்டர் அவர் உள்ளங்கையைத் திருப்பி ஊசியால் குத்தினார். "வலிக்குதா?"

"குத்திட்டீங்களா?" என்றார் நூர். கேட்ட பிறகுதான் அவருக்கே புரிந்தது. வாய்விட்டு அழுதார்.

"வெள்ளிக்கிழமை அவங்கள வர வேணாம்னு சொல்லிடு அத்தா," என்றாள் ஷகீலா.

தலையைத் தடவிக்கொடுக்கக் கையை நீட்டினார். கை நெருங்கியதும் அவள் கழுத்தைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள்.