ஓலை கட்டும்வரை

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை எங்கள் வாசலில் செருப்புகள் சேரும். நான் எண்ணுவேன். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் கணக்கெடுத்தே காலம் தள்ளியவன். ஓய்வு பெற்ற பிறகும் கண் சும்மா இருப்பதில்லை. மின்விசிறிக்கு மூன்று இறக்கைதான் என்று தெரியும். கரண்ட் போய் அது நிற்கும்போதெல்லாம் இன்னொரு முறை எண்ணிப் பார்க்கிறேன்.

கொருக்குப்பேட்டையில் எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கில், தரைத்தளத்து வீடு எங்களுடையது. குடியிருப்போர் சங்க அறையைக் கேரம் போர்டு பிடித்துக்கொண்டது. அதனால் சுகாதார நர்ஸ் பெண்பிள்ளைகளுக்கு நடத்தும் வகுப்புக்கு என் மனைவி எங்கள் கூடத்தைக் கொடுத்தாள். அந்த ஒரு மணி நேரமும் நான் நாற்காலியோடு வெளியே போய்விட வேண்டும். ஆனால் ஜன்னலுக்குத் திரை மட்டும்தான். உள்ளே சொல்வதெல்லாம் என் காதில் விழும். மாதவிலக்குக்குத் துணி வைப்பவர்கள் அதை நன்றாக அலசி வெயிலில் காய வைக்க வேண்டும். வேறு துணிக்கு அடியில் ஒளித்துக் காய வைத்தால் புண் வரும். ஏழு நாளைத் தாண்டி உதிரம் போனால் வெட்கப்படாமல் டாக்டரிடம் போக வேண்டும். எழுபத்தோரு வயதில் இதெல்லாம் தெரிந்துகொண்டேன்.

பதினோரு ஜோடி செருப்புகள். பன்னிரண்டாவது ஜோடி மாடிப்படியில் இருக்கும், காலோடு. மூன்றாவது மாடிப் பெண், எட்டாம் வகுப்பு. வயதுக்கு வந்தவர்கள் மட்டும்தான் உள்ளே வரலாம் என்று நர்ஸ் கறாராகச் சொல்லியிருந்தார். உள்ளே போகிற பெண்கள் அவளைச் சீண்டுவார்கள்.

"பாப்பா குந்திகினு கீதுடி! மம்மம் ஊட்டித் தூங்க வைங்கடி!"

"போங்கடி, கலீஜுங்களா" என்பாள். ஆனால் இடத்தை விட்டு நகரமாட்டாள். அங்கிருந்து அவளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. பின்னால் கூட்ஸ் யார்டில் வேகன்கள் மோதிக்கொண்டே இருக்கும்.

நர்ஸிடம் கேட்டேன். "அந்தப் பெண்ணையும் சேர்த்துக்கொண்டால் என்னம்மா? நாளைக்கு அவளுக்கும் வேண்டியதுதானே?"

"பக்கத்துத் தெருவுல சேர்த்தேன் சார். ஒண்ணும் தெரியாத கொழந்தைக்கு இன்னாத்த சொல்லிக் குடுக்கறேன்னு சண்டைக்கு வந்துட்டாங்க. வகுப்பே நின்னு போச்சு. இந்த இடமும் போச்சுன்னா நான் எங்க சார் போறது?"

அந்தப் பெண் பெரியவளாகி அப்போதே ஐந்து மாதம். எனக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது. அவள் அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். செய்தி முதலில் தாய்மாமனுக்குப் போக வேண்டும். அவர் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்டி, பெண்ணை உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் ஊருக்குச் சொல்ல வேண்டும். இருந்தது ஒரே மாமன். எண்ணூரில் ஒரு சாவு வீட்டில் அக்காவோடு சண்டை போட்டுப் போனவர், பேச்சுவார்த்தை இல்லை. மாமன் இல்லாமல் ஊருக்குச் சொன்னால் சொந்தக்காரர்கள் நாக்கைப் பிடுங்குவது போலக் கேட்பார்கள். அதனால், அவர் மனம் மாறும்வரை பெண் வயதுக்கு வரவில்லை என்று வைத்துக்கொண்டாள் அம்மா. வகுப்புக்கு அனுப்பினால் பதினோரு வீட்டுக்கும் அவளே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

நாளாக ஆக அந்தப் பெண்ணின் உதட்டில் நிறமே இல்லாமல் போயிற்று. மூன்று மாடியையும் ஒரே ஓட்டமாக ஏறுகிறவள், ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார ஆரம்பித்தாள். நான் அவள் அம்மாவிடம் சொன்னேன்.

"வெயில்ல ஆடுது சார், வேற ஒண்ணும் இல்ல. முருங்கைக் கீரை ஆக்கிப் போடறேன்."

ஒருநாள் காலை தண்ணீர் லாரி வரிசையில் குடத்தோடு விழுந்துவிட்டாள். என் மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். நான்தான் ஆட்டோவை நிறுத்தி, அம்மாவையும் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்ன வயது டாக்டரம்மா, பெண்ணின் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எப்ப வயசுக்கு வந்தா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் இல்ல டாக்டரு."

இரண்டாம் முறை கேட்டார். அதே பதில். பிறகு பூச்சியா, காய்ச்சலா, வயிற்றுக்குள் புண்ணா என்று தேட ஆரம்பித்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. பெண் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். அப்புறம் படுக்கை விரிப்பை மாற்ற வந்த நர்ஸ், "பெரியவரே, கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். கதவுக்கு வெளியே நின்றேன்.

"இன்னாம்மா இது! இவ்ளோ போய்கீது, எத்தினி நாளா?"

"இருவது நாளா... வெளிய சொல்லிடாதீங்கம்மா. மாமன் இன்னும் ஓலை கட்டல."

நான் பக்கத்தில் நின்றதால்தான் அம்மா டாக்டரிடம் பொய் சொன்னாள். பிளாக்கிலிருந்து வந்த ஒரு ஜோடிக் காதாகத்தான் நான் அவளுக்குத் தெரிந்திருக்கிறேன்.

மூன்று பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். மூன்றாவது பாட்டில் ஏறும்போது, யார் மூலமோ சேதி கேட்டு மாமன் வந்து சேர்ந்தார்.

"ஒரு வார்த்தை எனக்குச் சொல்லக் கூடாதாக்கா?"

"எத்தினி வாட்டி போன் பண்ணேன்! கட் பண்ணிகினே இருந்தியேடா பாவி!"

அதன் பிறகு ஓலை கட்டினார்கள், தண்ணீர் ஊற்றினார்கள். எங்கள் ஜன்னலை மறைத்து பேனர் வைத்தார்கள். பட்டுப்புடவையில் பெண், அவளைச் சுற்றிச் சொந்தக்காரர்களின் முகங்கள். அறுபத்துநான்கு. வகுப்பு நடத்தும் நர்ஸும் வந்து சாப்பிட்டுவிட்டு, "அடுத்த மாசம் உள்ள வந்துடு கண்ணு" என்று சொல்லிப் போனார்.

அடுத்த மாதம் வாசலில் பதினோரு ஜோடி. படியில் யாரும் இல்லை. மூச்சு வாங்க மூன்று மாடி ஏறிப் போய்க் கேட்டேன்.

"பெரியவளாயிட்டா சார், இனிமே எப்டி அனுப்பறது?" என்றாள் அம்மா. "மாமன் கத்துவாரு. அவரு புள்ளைக்குத்தான்னு வாக்கு குடுத்தாச்சு."

"ஸ்கூல்?"

"பாக்கலாம் சார்."

பின்னாலிருந்து பெண் எட்டிப் பார்த்தாள். "தாத்தா, துணிய எங்க காய வைக்கணும்னு அந்த நர்ஸக்கா சொல்லிக் குடுத்தாங்களாமே, எங்க?"

"உள்ள போடி! ஆம்பளகிட்ட கேக்கற கேள்வியா இது?"

கதவு சாத்தப்பட்டது. எனக்குப் பதில் தெரியும். சாத்திய கதவிடம் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் மாதத்தில் சில நாள் மூன்றாவது மாடிக் கொடியில் ஒரு பாவாடை மற்ற துணிகளைவிடத் தாழ்வாகத் தொங்குகிறது. அதற்கடியில் என்ன காயாமல் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். பாவாடையை விலக்கி வெயில் பட விடு என்று கீழேயிருந்து கத்த முடியாது. சனிக்கிழமை பதினோரு ஜோடியையும் எண்ணி முடித்ததும், நாற்காலியை அந்தக் கொடி தெரியாத பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன்.