சீமை மருதாணி சிவக்குமா?

என் தங்கை சென்னையில் குடியேறிய அடுக்ககத்தின் பெயர் ‘மிர்ட்டில்’. அது ஒரு செடி என்பதே அங்கே யாருக்கும் தெரியவில்லை. மேல்நாடுகளில் பெண்களுக்கும் தெருக்களுக்கும் வைக்கிற பெயர். யுனானி மருந்துக் கடைகளில் இதற்கு ஆஸ் என்று பெயர். வடக்கே விலாயத்தி மெஹந்தி, அதாவது சீமை மருதாணி. செஞ்சியில் தையற்கடை வைத்திருக்கும் பரிதா வீட்டில் ஒரு செடி இருப்பதாக நண்பர் சொன்னார். கோட்டையையும் பார்த்துவிடலாமே என்று ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். திண்டிவனத்திலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம்.

போய் இறங்கினால் கல்யாண வீடு. பரிதாவின் தங்கை ஷமீமுக்கு மறுநாள் நிக்காஹ். இரண்டு உள்ளங்கையிலும் பச்சை விழுதை அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் தேடி வந்த செடி தொட்டியில் வெறும் குச்சியாக நின்றது.

“இலையெல்லாம் எங்கே?” என்றேன்.

“அரச்சிட்டேன் சார். பெங்களூர் நர்சரில விலாயத்தி மெஹந்தின்னான். சீமை மருதாணியாச்சே, நம்மூர்த விட நல்லா செவக்கும்னு ரெண்டு வருசமா வளத்தேன்,” என்றார் பரிதா.

பெயரில்தான் மருதாணி, சிவக்காது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஷமீம் ஓடிப்போய்க் கழுவினாள். நல்ல வாசனை. நிறம் துளியும் இல்லை.

“இன்னாக்கா இது! மாமியார் வூட்டுக்காரங்க கிட்ட வெறுங்கைய நீட்டவா?”

“கோன் வாங்கி வெச்சிக்கலாம்டி.”

“கோன் வெச்சா எனக்குக் கொப்பளிக்கும்னு தெரியுமில்ல? ரெண்டு வருசம் தண்ணி ஊத்துனியே, ஒரு இலையாச்சும் கசக்கிப் பாத்தியா?”

பரிதாவின் கணவர் ரஹீம் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆட்டோவை எடுத்தார். “வாங்க சார், செடி பாக்கத்தானே வந்தீங்க.” ஊருக்கு வெளியே, சிங்கவரத்தில், ஒரு கொல்லை வேலி முழுக்க மருதாணி.

“பக்கத்துல இருக்கறத உட்டுட்டு சீமைக்குப் போனியா?” என்று, கதையைக் கேட்டு ரஹீமைக் கேலி செய்தபடியே கொல்லைக்கார அம்மாள் பையை நிரப்பிக் கொடுத்தார். பிற்பகலில் அரைத்து இட்டார்கள். கோட்டை எனக்கு மறுநாளுக்குத் தள்ளிப்போனது.

ஞாயிறு காலை போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். ஷமீம் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். செங்கல் சிவப்பு.

பரிதா தொட்டியைத் தூக்கி வெளியே வைக்கப் போனார். “புடுங்கிப் போட்டுடாதக்கா,” என்றாள் ஷமீம், கையை மோந்துகொண்டே. “நெறம் சிங்கவரத்துது, வாசன சீமைது.”

கோட்டையின் ராஜகிரி மலை ஏறுகிறவர்கள் காலையிலேயே தொடங்குங்கள். பிற்பகலில் மேலே விடுவதில்லை. தண்ணீர் கொண்டுபோங்கள், குரங்குகளிடமிருந்து பையைக் காப்பாற்றுங்கள். மிர்ட்டில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், தொட்டிச் செடி துளிர்க்கும்வரை பொறுங்கள். பரிதாவிடம் அது சிவக்குமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.