சாயத்தொட்டியில் நின்றவள்

வத்தேகமவில், மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் துணி செய்யும் ஒரு பட்டறையில் சாயத்தொட்டி டொரதியின் பொறுப்பு. மகள் ஷிராணி பிறப்பதற்கு முன்பே அங்கே சேர்ந்தவள். சாயத்தூளைக் கரைக்கும்போது முகத்தில் அடிக்கும் நெடியை யாரும் பெரிதாக எடுத்ததில்லை. கையுறை போட்டால் துணியின் பதம் தெரியாது என்பாள். கக்கூஸ் தூரம் என்பதால் வேலை முடியும்வரை தண்ணீரும் குடிக்கமாட்டாள்.

சிறுநீர் சிவப்பாகப் போன அன்று, உடம்புச் சூடு என்று நினைத்து இளநீர் குடித்தாள். வலியில்லை, தானாக நின்றும் போனது. மறுபடி வந்தபோது பாமசியில் மாத்திரை வாங்கி விழுங்கினாள். இப்படியே ஒரு வருடம் ஓடிற்று. இரத்தம் கட்டியாகி, சிறுநீர் அடைத்து அவள் துடித்தபோதுதான் கணவன் சுவக்கின் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

சோதனைகள் முடிந்து டொக்டர் சஞ்சீவனி இருவரையும் கூப்பிட்டார்.

“சிகரெட் பழக்கம் இருக்காம்மா?”

“எனக்கில்ல டொக்டர். அவரு குடிப்பாரு. வீட்டுக்குள்ளயேதான்.”

சுவக்கின் தரையைப் பார்த்தான்.

“என்ன வேல செய்றீங்க?”

சொன்னாள். டொக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

“ஒங்க சலப்பையில, சிறுநீர் தேங்குற பையில, புற்றுநோய் வந்திருக்கு. இந்த வேலயாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா சில சாயத்துல உள்ள ரசாயனம் இந்த நோய உண்டாக்கும். சிகரெட்டும் அப்படித்தான்; பக்கத்துல இருந்து பொகைய இழுக்கறதும் நல்லதில்ல. ரத்தம் கண்ட ஒடனே வந்திருக்கணும். இப்ப சதைக்குள்ள எறங்கிருச்சும்மா. பைய எடுக்கணும்.”

டொரதிக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை. ஷிராணியின் நினைவுதான் வந்தது. அவளை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே டொரதிதான். இப்போது தாயின் தொட்டியில் மகள் நிற்கிறாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே பட்டறைக்குப் போனாள்.

“வா புள்ள, போவோம். இந்த வேல வேணாம்.”

“போயி? அப்பாவுக்கும் வேலயில்ல. ஒங்கள எப்படிப் பாக்குறது?”

“தேயிலக் கொழுந்து பறிச்சாவது பொழைக்கலாம்.”

“அது வேணாம்னுதானே தோட்டத்த விட்டு வந்தீங்க.”

டொரதி மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். ஷிராணி அசையவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, டொரதி ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

ஒபரேஷன் முடிந்துவிட்டது. வயிற்றில் ஒட்டிய பையில் சிறுநீர் சேர்கிறது. சுவக்கின் இப்போது றோட்டில் நின்று புகைக்கிறான். ஷிராணி கையுறை போடுவதாகச் சொல்கிறாள், டொரதி நம்பவில்லை. விடிந்ததும் மகளிடம் கேட்கிறாள்:

“ஒண்ணுக்கு என்ன நெறத்துல போச்சு புள்ள?”

முதலில் எரிந்து விழுந்த ஷிராணி, இப்போதெல்லாம் பதிலே சொல்லாமல் வேலைக்குப் போய்விடுகிறாள்.