வயலில் வண்ணக் கல்

மெல்பர்னில் எங்கள் பகுதி கம்யூனிட்டி கார்டனுக்கு முதல்நாள் போனபோது, பாத்திக்குள் கால் வைத்ததும் ஹெலன் என்கிற வயதான பெண்மணி "நோ, நோ!" என்று கத்தினார். சட்டென்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி இறங்கினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். செருப்புக்கு மட்டுமல்ல, காலுக்கே அங்கே தடை என்று புரிய வெகுநேரம் பிடித்தது. மிதித்தால் மண் இறுகிவிடுமாம், புழு பூச்சிக்குத் தொந்தரவாம். முழங்கால் சேற்றில் வளர்ந்தவனுக்கு இது எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். உழாமல், மிதிக்காமல் மண்ணை அதன் போக்கில் விடுகிற பெர்மாகல்ச்சர் என்றார்கள்.

ஆனாலும் அந்த இடம் என்னை வளைத்துப் போட்டுவிட்டது. ஒருவர் கீரை விதைப்பார், ஒருவர் சுவரில் படம் தீட்டுவார், இன்னொருவர் பீன்ஸ் பந்தலடியில் வயலின் வாசிப்பார். ஒவ்வொரு பாத்திக்கும் வண்ணம் பூசிய கல்லில் உரியவர் பெயர் இருக்கும். என் கல்லைப் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன். கூடவே ஆசையும் வந்தது. திருவிடைமருதூர்ப் பக்கம் எனக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம் இருக்கிறதே, அதன் மேட்டு மூலையில் ஊருக்கே ஒரு தோட்டம் போட்டால் என்ன?

போன ஆடியில் லீவு எடுத்துப் போய் அதைப் போட்டேன். அந்த நிலத்தைப் பதினெட்டு வருஷமாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிற வசந்தா அக்கா, மகள் பிரசவத்துக்காகத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். தெருப்பிள்ளைகள் இருபது பேர் கற்களில் மஞ்சளும் பச்சையும் பூசி, கிளியும் கத்தரிக்காயும் வரைந்து, தங்கள் பெயரை எழுதி வரிசையாக நட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் வசந்தா அக்கா வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மோட்டார் கொட்டகைச் சாவியை என் கையில் வைத்தார்.

"பஸ்ஸுலேர்ந்தே பாத்தேன் தம்பி. கல்லு நட்டுட்டீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெதநெல்லு வாங்காம இருந்திருப்பேன்ல?"

தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கம் வயலில் வண்ணக் கல் தெரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், மனை பிரித்தாயிற்று. அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது எப்படி மறந்துபோயிற்று?

"அக்கா, அது பிள்ளைங்க படம் வரைஞ்ச கல்லுக்கா. சும்மா தோட்டம். வயலைத் தொடவே இல்ல."

"மெயின்ரோட்டு வயல்லயும் மொதல்ல தோட்டம்னுதான் சொன்னாங்க. இப்ப அங்க வீடா நிக்குது. ஒங்கள தப்பு சொல்லலைங்க. நேத்து சாயங்காலமே எங்கண்ணன் வயல நான் பாத்துக்கறேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

அன்றைக்கே எல்லாக் கற்களையும் பிடுங்கினேன். அவர் கொடுத்த வாக்கை மாற்றவில்லை. ஊரில் பாதிப்பேரிடம் யோசனை கேட்டவன், அந்த மண்ணை உழுதவருக்கு ஒரு போன் போடவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. சம்பா தொடங்குகிற நேரத்தில் வேறு ஆளும் கிடைக்கவில்லை. லீவு முடிந்து விமானம் ஏறிவிட்டேன்.

போன சனிக்கிழமை, உன் ஊர்த் தோட்டத்தில் இப்போது என்ன வளர்கிறது என்று ஹெலன் கேட்டார்.

"கோரைப்புல்," என்றேன். "யாரும் உழவில்லை."

அவர் முகம் மலர்ந்தது. "மண் ஓய்வெடுக்கிறது! எவ்வளவு நல்ல காரியம் செய்திருக்கிறாய்," என்று என் தோளைத் தட்டினார்.

ஊரில் இது சம்பா கதிர் வாங்குகிற நேரம். சுற்றிலும் எல்லார் வயலும் விளைந்து நிற்க, நடுவில் என் மூன்று மா மட்டும் தரிசு. நான் இங்கே, கட்டில் அகலத்துப் பாத்தியில், நாலு வெண்டைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.